என் கை ஒன்றும் செய்யவில்லை

“நல்லா யோசிச்சுப் பாரு. பதட்டத்துல ரெண்டாவது தடவையும் போட்டிருப்பியோ?”

“ரெண்டு தடவை போட அது என்ன முகத்துக்குப் பவுடராண்ணா? ஊசி. ஒண்ணுதான் போட்டேன்.”

“அப்புறம் பெட்டியில எப்படி ரெண்டு சிரிஞ்ச் கிடக்குது?”

“அதைத்தானே நானும் கேக்கறேன்!”

கணவனுக்கும் நர்ஸுக்கும் நடந்த இந்தப் பேச்செல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் கேட்டது சின்ன டாக்டருக்கு. அவள் தரையில் மண்டியிட்டிருந்தாள். அவளுடைய இரண்டு உள்ளங்கைகளும் ஒரு பழுப்பு நாயின் விலாவின்மேல் இருந்தன. அழுத்துவதை எப்போதோ நிறுத்திவிட்டாள். கைகளை எடுக்கத்தான் மனம் வரவில்லை. எடுத்துவிட்டால் அது செத்துப்போனது நிஜமாகிவிடும் என்பதுபோல் அப்படியே வைத்திருந்தாள்.

நாயின் பெயர் பூசணி. பெயருக்கேற்ற உடம்பு. பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுப்பதற்காகக் காலையில் வாலை ஆட்டிக்கொண்டு தானாகவே உள்ளே நடந்து வந்தவன். “வாய்தான் கொஞ்சம் நாறுது டாக்டரம்மா, மத்தபடி ராஜா” என்று சிரித்தபடி கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார் பாட்டு டீச்சர். பல்லுக்கு வந்து யாராவது சாவார்களா?

மயக்கம் சீராக ஏறட்டும் என்று கூண்டிலேயே விட்டிருந்தார்கள். சின்ன டாக்டர் போய்ப் பார்த்தபோது ஈறு வெளுத்திருந்தது. தூரத்துக் கதவை யாரோ தயங்கித் தயங்கித் தட்டுவதுபோல் இதயம் அடித்துக்கொண்டிருந்தது. மயக்கத்தை முறிக்கும் ஊசியை உடனே போட்டாள். ஒரு ஊசிக்கு எவ்வளவு முறிவு வேண்டுமோ, அவ்வளவு. அது போதவில்லை. ஏன் போதவில்லை என்பது இப்போதுதான், இந்தக் குப்பைப் பெட்டிக்குள்ளிருந்து தலையை நீட்டுகிறது.

இந்த வீட்டுக்குள் இன்றுதான் கால் வைக்கிறவர்களுக்காக நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

மாடியில் குடும்பம், கீழே மிருக வைத்தியசாலை. கட்டியவர் பெரிய டாக்டர். அவருடைய ஒரே மகனுக்கு நாயைக் கண்டால் தும்மல், பூனையைக் கண்டால் இன்னும் பெரிய தும்மல். அதனால் அவன் மருத்துவம் படிக்காமல் முன்மேசையில் உட்கார்ந்து நிர்வாகம் பார்க்கிறான். அவன் கட்டிக்கொண்டு வந்தவள்தான் நம்முடைய சின்ன டாக்டர். மாமனாருக்கு மருமகள் வந்ததில் மகிழ்ச்சியா, டாக்டர் வந்ததில் மகிழ்ச்சியா என்று மகனே கேலி செய்வான். பெரியவருக்குக் கண்ணில் புரை விழுந்து பார்வை மங்கிவிட்டது. போன வாரம்தான், ஏகப்பட்ட மௌனத்துக்கும் ஒரு நாள் சாப்பிடாத கோபத்துக்கும் பிறகு, பச்சை அங்கியைக் கழற்றி மருமகள் கையில் கொடுத்தார். “இனிமே ஊசி, கத்தி எல்லாம் உன் பாடும்மா. நான் முன்னறையில உக்காந்து நாலு பேரோட பேசிட்டிருக்கேன்.”

அவள் இங்கே கொண்டுவந்த வழக்கம் ஒன்று உண்டு. கைக்கணக்கு என்று பெயர். சாயங்காலம் கடைசி நோயாளி போனதும் எல்லோரும் ஸ்டீல் மேசையைச் சுற்றி நிற்க வேண்டும். இன்று என் கை செய்த தவறு இது என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். அடுத்தவர் பெயரை எடுக்கக் கூடாது. திட்டக் கூடாது. சொன்னவருக்கு நன்றி சொல்லிவிட்டு, நாளைக்கு எப்படி மாற்றலாம் என்று பேச வேண்டும்.

முதல் நாள் அவள் கணவன், “என் கை கடைசி பிஸ்கட்டை எடுத்துடுச்சு, யுவர் ஆனர்” என்றான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் மெல்ல மெல்ல அது பிடித்துக்கொண்டது. மருந்துப் பாட்டிலை மாற்றி வைத்தது, கூண்டுக் கதவைத் தாழிடாமல் விட்டது எல்லாம் மேசைக்கு வந்தன. பெரிய டாக்டர் மட்டும் தேநீர்க் கோப்பையோடு வாசற்படியில் சாய்ந்து நின்று, “பாவமன்னிப்பு முடிஞ்சுதா? விளக்கை அணைக்கலாமா?” என்பார். மேசைக்கு அருகில் ஒருநாளும் வந்ததில்லை.

சரி, கதைக்கு வருவோம்.

“அக்கா, நீங்களாவது நம்புங்க.” சிட்டு அழ ஆரம்பித்திருந்தாள். அவள்தான் இங்கே நர்ஸ். ஓர் இடத்தில் நில்லாமல் தத்தித் தத்தித் திரிவதால் அந்தப் பெயர்.

சின்ன டாக்டர் பதில் சொல்வதற்குள் பெரிய டாக்டர் உள்ளே வந்துவிட்டார். முன்னறையில் கிளி வைத்திருப்பவர் ஒருவரோடு அவர் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது இதுவரை சுவருக்கு அப்பாலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

“என்னடா கூட்டம்?” என்றவர் தரையைப் பார்த்தார். மங்கிய கண்களைச் சுருக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“போயிட்டான் மாமா.”

“போயிட்டானா? பல்லுக்குத்தானே வந்தான்?”

“பெட்டியில ரெண்டு சிரிஞ்ச் கிடக்கு. ரெண்டு ஊசி போயிருக்கு உள்ளே. எப்படின்னு தெரியல.”

அவர் முகத்திலிருந்த ரத்தம் சட்டென்று வடிந்ததை அவள் பார்த்தாள். எல்லோர் முகமும்தான் அப்போது அப்படி இருந்தது. அதனால் அவளுக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை.

“அந்த இன்னொண்ணு நேத்து சிரிஞ்சா இருக்கும்,” என்றார் மெதுவாக.

“காலையில நான்தான் ஐயா பெட்டியைக் காலி பண்ணேன்.”

“சிட்டு, நீ கொஞ்சம் சும்மா இரு,” என்றான் கணவன்.

வெளியே மணி அடித்தது. பாட்டு டீச்சர். வேலை முடிந்ததா என்று கேட்க வந்துவிட்டார். சின்ன டாக்டர் எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்தது. “நான் போய்ச் சொல்றேன்.”

“நீ இரும்மா.” பெரியவர் கையைக் காட்டித் தடுத்தார். “இந்த மாதிரி சேதியெல்லாம் நான்தான் சொல்லணும்.”

கதவு பாதி திறந்திருந்தது. எல்லாம் கேட்டது.

“இதயம் நின்னுபோச்சும்மா. வயசான நாய்ங்களுக்குச் சில சமயம் இப்படி ஆகிடும். யாராலயும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது.”

பிறகு பாட்டு டீச்சரின் குரல், சுருதி கலைந்த குரல்: “அவனுக்கு வலிச்சிருக்குமா?”

“இல்லம்மா. தூக்கத்துலயே.”

“நீங்க சொன்னா சரிதான்.”

சின்ன டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்னும் எங்களுக்கே தெரியாதே! தெரியாது என்று சொல்லியிருக்கலாமே! அவள் கதவை நோக்கி ஓரடி வைத்தாள். கணவன் அவள் முழங்கையைப் பிடித்தான்.

“அப்பா பாத்துப்பார். விடு.”

விட்டாள். அந்த நிமிடத்தில் விட்டுவிட்டாள். பூசணியை வெள்ளைத் துணியில் சுற்றி, இரண்டு பேர் தூக்கி, டீச்சரின் காரில் வைத்தார்கள். தோட்டத்தில் புதைப்பதாகச் சொன்னார். காரின் பின்கண்ணாடி வழியே அந்த வெள்ளைத் துணி தெருமுனைவரை தெரிந்தது. கடலில் தொலைந்த ஒரு சின்னப் படகின் பாய்போல் அவளுக்குத் தோன்றியது. தோன்றியதற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது. செத்தது ஒரு நாய். அதற்குப் படகும் பாயும் எதற்கு?

மத்தியானம் மாடிப்படியில் கணவனை மடக்கினாள். ஒரு படி மேலே அவன், கீழே இவள்.

“இன்னிக்குக் கைக்கணக்கு உண்டுதானே?”

“இன்னிக்கு வேணாமே. அப்பா ஆடிப் போயிருக்கார். சாப்பிடக்கூட இல்ல.”

“நானும்தான் சாப்பிடல. இன்னிக்கு வேணாம்னா அப்புறம் எதுக்குடா அது? பிஸ்கட்டுக்கா?”

தனியாக இருக்கும்போது ‘டா’ உண்டு. மாமனார் முன்னால் ‘நீங்க’. கல்யாணமான நாளிலிருந்து நடக்கும் ஏற்பாடு.

அவன் சிரிக்கவில்லை. கைப்பிடிக் கம்பியைச் சுரண்டிக்கொண்டே சொன்னான். “நான் ஒண்ணு சொல்றேன், கோபப்படாத. சிட்டுவைக் கொஞ்ச நாள் வீட்ல இருக்கச் சொல்லிடலாம். அப்புறம் வேற இடத்துல நானே சேத்துவிடறேன். யாருக்கும் எதுவும் தெரிய வேணாம். அவளுக்கும் கெட்ட பேர் இல்ல.”

“அவதான் போட்டான்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“வேற யாரு?”

அவன் அதை அவள் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை; மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னான். நாய்க்குத் தும்முகிறவன், அதனால் மூக்கைத் துடைத்துக்கொண்டான் என்று நினைத்தாள். பாவம், அவனுக்கும் அதிர்ச்சிதான் என்று நினைத்தாள். நேசிக்கிறவர்களுக்கு எத்தனை சமாதானம்தான் நாமே தயாரித்துக் கொடுக்கிறோம்!

“சாயங்காலம் எல்லாரும் மேசைக்கு வரணும்,” என்றாள். “மாமாவையும் கூப்பிடு.”

பிற்பகலில் ஒரு நாய்க்குட்டிக்குத் தடுப்பூசி போட்டாள். சிரிஞ்சில் மருந்தை இழுத்ததும் கை நின்றுவிட்டது. “இதுக்கு யாராவது முன்னாடியே போட்டீங்களா?” என்று உரக்கக் கேட்டாள். குட்டியைத் தூக்கி வந்த தையல்காரர், “நாங்க வாசல்ல நுழைஞ்சே இப்பத்தானேம்மா ஆச்சு” என்று திருதிருவென விழித்தார். குட்டி அவள் அங்கியின் நாடாவைக் கடித்து இழுத்தது. தையல்காரர் சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள். முகத்தில் யாரோ ஒட்டிய சிரிப்பு.

சாயங்காலம் வந்தது. மேசையைத் துடைத்து விளக்கைப் போட்டார்கள். சிட்டு முன்னாலேயே வந்து நின்றுவிட்டாள். கைப்பை தோளில் மாட்டியிருந்தது. எந்த நேரமும் போகச் சொல்லிவிடுவார்கள் என்று தெரிந்தவள்போல.

வழக்கம்போல் பெரியவர் வாசற்படியில் நின்றார். கையில் கோப்பை இல்லை.

“நான் ஆரம்பிக்கிறேன்,” என்றாள் சின்ன டாக்டர். “இதயம் இறங்கினதும் என் கை ஒரு ஊசிக்கான முறிவு மருந்தைத்தான் எடுத்துச்சு. வேற யாராவது ஏதாவது போட்டீங்களான்னு நான் சத்தமாக் கேக்கல. கேட்டிருக்கணும். அப்புறம், டீச்சர்கிட்ட சேதி சொன்னப்போ, நமக்கு இன்னும் தெரியாதுன்னு சொல்ல நான் வெளியே வரல. வந்திருக்கணும்.”

யாரும் நன்றி சொல்லவில்லை. சொல்லும் நிலையில் யாரும் இல்லை.

சிட்டு மூக்கை உறிஞ்சினாள். “என் கை ஊசியைப் போட்டுச்சு. ஒண்ணு. போட்ட கையோட முன்னங்கால்ல நீல நாடா கட்டணும். அதான் நம்ம முறை. கட்டினாத்தான் அடுத்து வர்றவங்களுக்கு ஊசி போட்டாச்சுன்னு தெரியும். ஆனா நாடா தீந்துபோச்சுக்கா. எடுக்க ஸ்டோர் ரூமுக்குப் போனேன். அங்கே புதுக் கட்டைப் பிரிக்க முடியாம பல்லால கடிச்சிட்டிருந்தேன். நாடாவைக் கையில வச்சுக்கிட்டுத்தான் ஊசியையே தொட்டிருக்கணும். அது என் தப்பு. திரும்பி வந்து கட்டினேன். அவ்வளவுதான். வேற சத்தியம் பண்ண என்கிட்ட எதுவும் இல்ல.”

சின்ன டாக்டர் கணவனைப் பார்த்தாள். அவன் மேசையின் பளபளப்பில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீங்க?”

“என் கை ஒண்ணும் செய்யல.”

“நல்லா யோசிச்சு…”

“ஒண்ணும் செய்யலன்னு சொல்றேனே.”

“சரி.” அவளுக்குக் களைப்பாக இருந்தது. “அப்போ…”

“ஊசி போட்டது என் கை.”

குரல் வாசற்படியிலிருந்து வந்தது.

பெரிய டாக்டர் உள்ளே வந்தார். கைக்கணக்கு தொடங்கிய நாளிலிருந்து முதன்முறையாக மேசைக்கு அருகில் வந்து, அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு வயதாகிவிட்டது என்று சின்ன டாக்டருக்கு எப்போதுமே தெரியும். எவ்வளவு வயதாகிவிட்டது என்று இப்போதுதான் தெரிந்தது.

“காலையில கூண்டுப் பக்கமா வந்தேன். சும்மாதான் வந்தேன். அவன் என்னைப் பாத்து வாலை ஆட்டினான். கால்ல நாடா எதுவும் தெரியல. முதல் நோயாளிக்கு முதல் ஊசி என் கைதானே எப்பவும் போடும்? கையே மருந்தை எடுத்துடுச்சு, கையே போட்டுடுச்சு. உனக்கு ஒரு வேலை மிச்சம்னுகூட நினைச்சேன். ரொம்ப சந்தோஷமா இருந்துச்சும்மா. அதைச் சொல்லத்தான் வெக்கமா இருக்கு. அங்கியைக் கழட்டின பிறகு அன்னைக்குத்தான்… இன்னைக்குத்தான்… சந்தோஷமா இருந்தேன்.”

சிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அந்தம்மாகிட்ட வேற பொய் சொல்லிட்டேன். பெட்டியில ரெண்டு சிரிஞ்ச்னு நீங்க சொன்ன உடனே எனக்குப் புரிஞ்சுபோச்சு. வாய் வரல.” அவர் மகன் பக்கம் திரும்பினார். “ஆனா நீ சொல்லியிருப்பேன்னு நினைச்சேண்டா.”



“என்ன மாமா சொல்றீங்க?”

“இவன்தான் பாத்தானே. நான் சிரிஞ்சைப் பெட்டியில போட்டுட்டுத் திரும்பறேன், இவன் கதவுக்கிட்ட நிக்கறான். என்னப்பா, ரகசியமா வைத்தியமான்னு கேட்டான். போடான்னு சொல்லிட்டு முன்னறைக்குப் போயிட்டேன்.”

சின்ன டாக்டர் கணவனைப் பார்த்தாள். அவளுக்குள் காலை முழுவதும் ஒருமுறை பின்னோக்கி ஓடியது. அவள் பூசணியின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கிறாள். ‘ஏன் முறியல, ஏன் முறியல’ என்று கத்துகிறாள். அவன் வாசலில் நிற்கிறான். நாயின் உயிர் இன்னும் இருக்கிறது. இன்னொரு முறிவு ஊசி அலமாரியில், கை எட்டும் தூரத்தில் இருக்கிறது. அவன் வாயை மூடிக்கொண்டு நிற்கிறான்.

“நீ பாத்தியா?”

மாமனார் முன்னால் வந்த ‘நீ’. யாரும் கவனிக்கவில்லை, அவள் உட்பட.

“அப்பதான் எனக்குப் புரிஞ்சுது,” என்றான். “நீ கத்தினப்போ. அப்பாதான் போட்டார்னு நான் சொன்னா… போன வாரம்தானே அவர் கையிலிருந்து எல்லாத்தையும் வாங்கினோம். அவர் உடைஞ்சுபோவார். நீ எப்படியும் காப்பாத்திடுவேன்னு நினைச்சேன். நீ எப்பவும் காப்பாத்திடுவியே.”

“அப்புறம்? அவன் செத்த பிறகு? இவகிட்ட நல்லா யோசிச்சுப் பாருன்னு கேட்டியே? மாடிப்படியில வேற யாருன்னு கேட்டியே?”

“அடுத்தவங்க பேரை எடுக்கக் கூடாதுன்னு நீதானே சொன்ன?” அவன் குரல் உயர்ந்தது. உயர்ந்த வேகத்திலேயே உடைந்தது. “அவங்கவங்க கை செஞ்சதை மட்டும் சொல்லணும்னு நீதானே முறை போட்ட? என் கை ஒண்ணும் செய்யல. நான் பாத்தேன், அவ்வளவுதான். பாத்ததுக்கு உன் கணக்குல எங்கே இடம் இருக்கு, சொல்லு?”



கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வந்தது கோபமில்லை. எத்தனை பெருமையாக அந்த விதியைச் செய்தாள்! யாரையும் யாரும் குத்திக்காட்டாத ஒரு மேசை. கைகளுக்கெல்லாம் இடம் வைத்தாள். கண்ணுக்கும் வாய்க்கும் இடம் வைக்க மறந்துவிட்டாள். அந்த ஓட்டைக்குள் ஒரு மனிதன் முழுசாக ஒளிந்துகொண்டிருக்கிறான், அதுவும் தன்னோடு ஒரே தலையணையில் தலை வைக்கிறவன்.

“அண்ணா,” என்றாள் சிட்டு. அழுகை நின்றிருந்தது. “என்னை அனுப்பப் பாத்தீங்களாண்ணா?”

பெரியவர் மகனின் தோளைத் தொடப் போனவர், தொடாமல் கையை இறக்கிக்கொண்டார்.

“சரி,” என்றார். “அந்தம்மாகிட்ட நானே சொல்லிடறேன். நாளைக்குக் காலையில போய்…”

“நாளைக்கு இல்ல மாமா. இப்போ.” அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “நானும் வரேன். இவரும் வருவார். பாத்ததைச் சொல்லணும். போட்டதைச் சொல்லணும். காப்பாத்தியிருக்கலாம்ங்கறதையும் சொல்லணும்.”

“அதுக்கப்புறம் இந்தக் கதவுல யாரும் நுழைய மாட்டாங்க,” என்றான் கணவன், மிக மெதுவாக.

“நுழையாம போகட்டும்.”

பெரியவர் தலையசைத்தார். ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்து மேலே போட்டுக்கொண்டார். பொத்தானைத் துளையில் மாட்ட விரல்கள் தடுமாறின. சிட்டு போய் மாட்டிவிட்டாள்.

அப்போதுதான் முன்கதவை யாரோ உடைப்பதுபோல் தட்டினார்கள்.

பாட்டு டீச்சர் நின்றுகொண்டிருந்தார். கையெல்லாம் மண், புடவையெல்லாம் ரத்தம். மார்போடு அணைத்திருந்த நாய்க்கும் அதே பழுப்பு நிறம், அதே தொங்கும் காது. ஒரு கணம் பூசணியே எழுந்து வந்துவிட்டதாகச் சின்ன டாக்டருக்குத் தோன்றியது. பூசணி இல்லை. உருவத்தில் கொஞ்சம் சிறியது.

“அவனோட கூடப் பிறந்தவ டாக்டரம்மா. ரெண்டு பேரையும் ஒண்ணாத்தான் வளத்தேன். அவனைப் புதைக்கிறதை ஜன்னல் வழியா பாத்துட்டே இருந்தா. கண்ணாடியை உடைச்சுக்கிட்டுப் பாஞ்சு வந்துட்டா. காலைப் பாருங்க, காலைப் பாருங்க!”

முன்னங்கால் நீளமாகக் கிழிந்திருந்தது. தையல் போட வேண்டும். தையலுக்கு மயக்க ஊசி வேண்டும். சின்ன டாக்டர் நாயை வாங்கக் கையை நீட்டினாள். சிட்டு பஞ்சை எடுக்க ஓடினாள்.

பாட்டு டீச்சர் நாயைக் கொடுக்கவில்லை. சின்ன டாக்டரைத் தாண்டி, கணவனைத் தாண்டி, சட்டை மாட்டிக்கொண்டு மேசையருகே நின்ற பெரிய டாக்டரைப் பார்த்தார். பார்த்ததும் அந்த முகத்தில் இருந்த பயமெல்லாம் இளகி, குழந்தை முகமாகிவிட்டது.

“ஐயா, காலையில நீங்க அவ்வளவு பொறுமையா எடுத்துச் சொல்லலேன்னா நான் இன்னிக்குத் தாங்கியிருக்கவே மாட்டேன். எனக்கு இனிமே இவ ஒருத்திதான். இவளுக்கு நீங்களே, உங்க கையாலயே அந்த ஊசியைப் போடுங்க ஐயா. வேற யாரும் தொட வேணாம்.”